டேப்லெட்டில் ஒலிப்பதிவு: பதிவாவதைக் காதில் கேட்டுக்கொண்டே பதிவு செய்வது எப்படி?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மிப் பாட்டும் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். நாதஸ்வரமும் தவிலும் பறையும் தலைமுறை தலைமுறையாக வாசிக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று டேப்லெட்டும் கையுமாகக் கிளம்பும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஒரு கவலையும் கூடவே வருகிறது. திரையில் அலைக்கோடு அசைந்தால் போதும், பதிவாகிவிடும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். ஏதோ ஒரு சத்தம் உள்ளே வருகிறது என்பதைத் தவிர அந்தக் கோடு எதையும் சொல்லாது. வருவது பாட்டியின் குரலா, மின்விசிறியின் இரைச்சலா, மைக் கம்பியில் சேலை உரசுகிற சத்தமா என்பது காதுக்குத்தான் தெரியும்.

வயதான ஒருவர் மனம் கரைந்து பாடும் ஒப்பாரி ஒருமுறைதான் அப்படி வரும். மறுபடி பாடச் சொன்னால் சொற்கள் வரும், அந்தக் குரல் வராது. அதனால்தான் பதிவு ஓடும்போதே ஹெட்ஃபோனில் கேட்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே பழகிக்கொள்ளச் சொல்கிறேன்.

எங்கிருந்து வரும் ஒலியைக் கேட்கிறீர்கள்?

கருவி வாங்குவதற்கு முன்பே இதைப் புரிந்துகொள்ளுங்கள். ஹெட்ஃபோனில் வரும் ஒலி மூன்று இடங்களிலிருந்து வரலாம்.

முதலாவது, மைக்கிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு, அதாவது மைக்கை டேப்லெட்டோடு இணைக்கும் சிறு பெட்டிக்கு, வந்த ஒலி, டேப்லெட்டுக்குப் போகாமல் அங்கிருந்தே காதுக்குத் திரும்புவது. இதை டைரக்ட் மானிட்டர் என்பார்கள். தாமதம் கிட்டத்தட்ட இருக்காது. இரண்டாவது, ஒலி டேப்லெட்டுக்குள் போய், பதிவுச் செயலியைக் கடந்து, வெளியே வந்து காதுக்கு எட்டுவது. இதைச் செயலியின் மானிட்டர் என்போம். இதில் சிறிது தாமதம் உண்டு. மூன்றாவது, பதிவை நிறுத்திவிட்டுக் கோப்பை ஓடவிட்டுக் கேட்பது.

புதியவர்கள் முதலாவதை மட்டும் நம்பி ஏமாறுவதுண்டு. டைரக்ட் மானிட்டரில் குரல் கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்கும். ஆனால் டேப்லெட் அந்த இன்டர்ஃபேஸை அடையாளம் காணாமல், தன் உடம்பிலுள்ள சின்ன மைக்கிலிருந்து பதிவு செய்துகொண்டிருக்கலாம். காதில் கேட்டது ஒன்று, கோப்பில் விழுந்தது வேறொன்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஆகவே பதிவு செய்பவர் இரண்டாவது வழியில் கேட்க வேண்டும். பதிவைத் தொடங்கும் முன் மூன்றாவது வழியிலும் ஒருமுறை சோதிக்க வேண்டும். பாடுபவருக்குத் தன் குரல் காதில் வேண்டுமென்றால் மட்டும் முதலாவது.

என்னென்ன வேண்டும்

கம்பியுள்ள ஹெட்ஃபோன் ஒன்று கட்டாயம் வேண்டும். காதை முழுவதும் மூடுகிற வகையாக இருக்கட்டும். ஆடியோ டெக்னிகாவின் ஏடிஹெச்-எம்20எக்ஸ், சோனியின் எம்டிஆர்-7506 போன்றவை இந்த வேலைக்கு உகந்தவை. இரண்டாவது மாதிரி பல ஆண்டுகளாக ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்குவது. கையிலிருப்பது சாதாரண இயர்ஃபோன்தான் என்றால் அதையே பயன்படுத்துங்கள். எதுவும் மாட்டாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு வேண்டாம். அதில் ஒலி காதுக்கு வந்துசேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே ஆகும். பல மாதிரிகளில் கால் நொடியை நெருங்கும். பாடுபவரின் உதடு அசைந்து முடிந்த பிறகு சொல் கேட்கும். அதைவிட மோசமான சிக்கல், டேப்லெட் அந்த ஹெட்ஃபோனில் உள்ள மைக்கையே பதிவு மைக்காக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது. அப்போது தொலைபேசிப் பேச்சின் தரம்தான் கிடைக்கும்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாமலும் தொடங்கலாம். வாங்குவதானால், கணினிக்குத் தனி மென்பொருள் கேட்காமல் செருகியவுடன் வேலை செய்யும் வகையைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ என்று சொன்னால் புரியும். டேப்லெட்டில் அந்த வகைதான் ஓடும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யுஎம்2 போன்ற சிறிய பெட்டிகள் ஒருவரைப் பதிவு செய்யப் போதும். முடிந்தால் டேப்லெட்டைக் கடைக்கே எடுத்துப் போய்ச் செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

துளைகளைப் பற்றி ஒரு சொல். 2021இல் வந்த 9ஆம் தலைமுறை ஐபேடுதான் ஹெட்ஃபோன் துளையோடு வந்த கடைசி ஐபேடு. 2022இல் வந்த 10ஆம் தலைமுறையிலிருந்து சாதாரண ஐபேடிலும் யுஎஸ்பி-சி துளை ஒன்று மட்டுமே. ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் மாதிரிக்கு மாதிரி மாறும். ஒரே துளைதான் என்றால், இன்டர்ஃபேஸைச் செருகிய பிறகு சார்ஜ் ஏற்ற இடமிருக்காது. சார்ஜரையும் இணைக்க வசதியுள்ள யுஎஸ்பி ஹப் ஒன்று வேண்டியிருக்கும். லைட்னிங் துளை கொண்ட பழைய ஐபேடுக்கு, மின்சாரம் கொடுக்கத் தனித்துளை உள்ள கேமரா அடாப்டர் கிடைக்கிறது. அந்த மின்சாரம் இல்லையென்றால் பல இன்டர்ஃபேஸ்கள் விழித்தே எழாது.

இணைக்கும் வரிசை

முதலில் டேப்லெட்டை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. அறிவிப்பு ஒலிகளும் பாட்டின் நடுவே நுழையும். பிறகு இன்டர்ஃபேஸில் உள்ள எல்லாத் திருகுகளையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். மைக்கை இன்டர்ஃபேஸிலும், இன்டர்ஃபேஸை டேப்லெட்டிலும் செருகுங்கள். வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் வகை மைக் என்றால் இப்போது 48 வோல்ட் பொத்தானை அழுத்துங்கள். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குகளுக்கு அது தேவையில்லை. கடைசியாகத்தான் செயலியைத் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்து வைத்திருந்தால் சில செயலிகள் பழைய மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கும்.

ஹெட்ஃபோனை எங்கே செருகுவது? இன்டர்ஃபேஸில்தான். இன்டர்ஃபேஸ் இணைந்த மறுகணமே டேப்லெட்டின் ஒலியும் அந்த வழியாகத்தான் வெளியே வரும். டேப்லெட்டின் துளையில் ஹெட்ஃபோனைச் செருகிவிட்டு ‘ஒன்றும் கேட்கவில்லையே’ என்று தவிப்பவர்கள் ஏராளம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செயலியில் மானிட்டரை இயக்கும்போது ஹெட்ஃபோன் இல்லாமல் டேப்லெட்டின் ஸ்பீக்கர் திறந்திருந்தால், ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் போய், மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, கோயில் மைக்செட்டில் கேட்குமே, அந்த ‘கூ’ என்ற ஊளை கிளம்பும். ஹெட்ஃபோனைச் செருகிய பிறகே மானிட்டரைத் தொடுங்கள். அதுவும் ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொண்டு தொடுங்கள். காது ஒன்றுதான் இந்த வேலையில் மாற்றி வாங்க முடியாத கருவி.

நகத்தால் ஒரு சோதனை

எந்த மைக் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கத் திரையில் உள்ள பெயரை நம்பாதீர்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, செயலியில் மானிட்டரை இயக்குங்கள். ஆள்காட்டி விரல் நகத்தால் மைக்கின் வலைமேல் மெதுவாக ஒரு கீறு கீறுங்கள். காதுக்குள் ‘கரகர’வென்று பெரிதாகக் கேட்க வேண்டும். அடுத்து டேப்லெட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதுதான் உள் மைக். அதன் அருகே அதே போலக் கீறுங்கள். முதல் கீறலைவிட இரண்டாவது பெரிதாகக் கேட்டால், உங்கள் நல்ல மைக் சும்மா நிற்கிறது என்று பொருள். எல்லாவற்றையும் கழற்றி, செயலியை முழுவதுமாக மூடி, வரிசைப்படி மறுபடி இணையுங்கள்.

இன்டர்ஃபேஸ் இல்லாமல், ஹெட்ஃபோன் துளை வழியே கேட்பவர்களுக்கும் இந்தச் சோதனை அவசியம். கம்பியில் மைக் வைத்த இயர்ஃபோனைச் செருகினால், டேப்லெட் தன் உள் மைக்கை விட்டுவிட்டு அந்தக் கம்பி மைக்குக்கு மாறிவிடும். பாட்டிக்கு எதிரே டேப்லெட் இருக்கும். பதிவாவதோ உங்கள் கழுத்தடியில் தொங்கும் மைக்கில். மைக் இல்லாத ஹெட்ஃபோனைச் செருகினால் உள் மைக் தன் வேலையைத் தொடரும்.

செயலிக்குள் என்ன செய்வது

ஐபேடோடு வரும் வாய்ஸ் மெமோஸ், பதிவாகும்போது ஒலியைக் காதுக்குத் திருப்பித் தராது. ஆகவே நம் வேலைக்கு அது உதவாது. ஆப்பிள் இலவசமாகத் தரும் கராஜ்பேண்டில் மானிட்டர் வசதி இருக்கிறது. ஆடியோ ரெக்கார்டரைத் தேர்ந்தெடுத்து, மேலே செருகி போன்ற சின்னத்தைத் தொட்டால் உள்ளீட்டு அமைப்புகள் திறக்கும். அங்கே மானிட்டரை இயக்கலாம். இன்டர்ஃபேஸில் இரண்டு மைக் துளைகள் இருந்தால் எதைக் கேட்பது என்றும் தேர்ந்தெடுக்கலாம்.

கராஜ்பேண்டில் புதியவர்கள் விழும் குழிகள் இரண்டு உண்டு. ஒன்று, அது பாட்டு இயற்றுவோருக்காகச் செய்யப்பட்ட செயலி என்பதால் ‘டிக் டிக்’ என்ற தாள ஒலி தானாகவே ஓடும். அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறும். மற்றொன்று இன்னும் கொடியது. பதிவுப் பகுதியின் நீளம் 8 தாளச் சுற்று என்று வைக்கப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 110 தட்டு, சுற்றுக்கு 4 தட்டு என்ற வேகத்தில் அது 18 நொடிகூட வராது. தாலாட்டின் முதல் இரண்டு அடிக்குள் இடம் தீர்ந்துவிடும். பகுதி அமைப்புக்குள் போய் நீளத்தைத் ‘தானியங்கி’ என்று மாற்றினால் பாட்டு எவ்வளவு நீண்டாலும் பதிவு கூடவே நீளும்.

ஆண்ட்ராய்டில் பேண்ட்லேப், எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் போன்றவற்றில் மானிட்டர் உண்டு. ஆனால் தாமதம் டேப்லெட்டுக்கு டேப்லெட் பெரிதும் மாறும். வேறு எந்தச் செயலியை எடுத்தாலும் அமைப்புகளில் ‘மானிட்டர்’ அல்லது ‘மானிட்டரிங்’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த செயலிக்குப் போங்கள்.

தாமதம் எங்கிருந்து வருகிறது? டேப்லெட் ஒலியைச் சிறுசிறு பொட்டலங்களாகச் சேர்த்து அனுப்புகிறது. பொட்டலத்தின் அளவை பஃபர் என்பார்கள். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, அதாவது அத்தனை மாதிரிகள் எடுக்கும்போது, 256 மாதிரிகள் கொண்ட ஒரு பொட்டலம் நிரம்ப 5 மில்லிநொடிக்குச் சற்று மேலாகும். உள்ளே வரும்போது ஒன்று, வெளியே போகும்போது ஒன்று என இரண்டும் சேர்ந்து, மற்றக் கணக்குகளும் கூடி 10, 15 மில்லிநொடி ஆகலாம். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. ஆகவே கேட்பவருக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. பஃபரைக் குறைக்கச் செயலி இடம் தந்தால் 128 வரை குறைத்துப் பாருங்கள். ‘டப் டப்’ என்று வெடிப்பு கேட்டால் பழையபடி கூட்டிவிடுங்கள்.

பாடுபவரின் காதில் மட்டும் இந்தத் தாமதம் விழக்கூடாது. தன் குரலையே சற்றுப் பிந்திக் கேட்டால் எவருக்கும் நாக்கு குழறும், தாளம் இழுக்கும். பாடுபவருக்கு ஹெட்ஃபோன் தர வேண்டியிருந்தால் டைரக்ட் மானிட்டரை இயக்கி, செயலியின் மானிட்டரை அணையுங்கள். இரண்டும் ஒருசேர ஓடினால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். உங்கள் காதில் அப்படிக் கேட்டால் உடனே இன்டர்ஃபேஸில் உள்ள அந்தப் பொத்தானைப் பாருங்கள்.

லெவல்

இன்டர்ஃபேஸில் இரண்டு திருகுகள் இருக்கும். கெயின் என்பது கோப்புக்குள் போகும் ஒலியின் அளவு. ஹெட்ஃபோன் திருகு உங்கள் காதுக்கு மட்டும். காதில் சத்தம் போதவில்லை என்று கெயினைத் திருகாதீர்கள். திருகினால் பதிவு கெட்டுவிடும். இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொண்டாலும் தகும்.

டிஜிட்டல் பதிவுக்கு 0 டெசிபல்தான் கூரை. அதைத் தொட்ட ஒலியின் உச்சி வெட்டுப்படும். பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. உரத்த இடம் -12 டெசிபலைச் சுற்றி இருக்கும்படி கெயினை வையுங்கள். எண் காட்டாத செயலியில், ஒலியளவு காட்டும் கோடு பச்சையின் மேற்பகுதி வரை போகலாம், சிவப்பைத் தொடக்கூடாது. ஒலியை இன்னும் நுணுக்கமாக அளந்து வைக்கும் 24 பிட் பதிவு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் தாழ்வாகப் பதிவானாலும் பின்னர் தூக்கிக்கொள்ளலாம்.

சோதனைக்குப் பாடச் சொன்னால் எல்லோரும் தயங்கித் தாழ்ந்த குரலில்தான் பாடுவார்கள். ஒப்பாரியில் இது மிகப் பெரிய சிக்கல். முணுமுணுப்பாகத் தொடங்கும், இறந்தவரின் உறவைச் சொல்லி விளிக்கும் இடத்தில் குரல் திடீரென்று வெடித்து உயரும். அந்த இடத்தில் பதிவு கிழிந்துபோனால் பாட்டின் உயிரே போயிற்று. ‘அப்பத்தா, உரக்க வரும் இடத்தை மட்டும் ஒருமுறை பாடிக் காட்டுங்கள்’ என்று கேட்டு, அதற்கு ஏற்பக் கெயினை வைத்து, பிறகு இன்னும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

இன்டர்ஃபேஸ் இல்லாதவர்களுக்குத் தூரம்தான் கெயின். தனிக் குரலுக்கு டேப்லெட்டை ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். நாதஸ்வரம் என்றால் குறைந்தது இரண்டு மீட்டராவது தள்ளி, அணசுக்கு, அதாவது அதன் விரிந்த வாய்க்கு, நேர் எதிரே இல்லாமல் சற்று விலகி வைக்க வேண்டும். தவிலில் தொப்பியின் மேல், அதாவது இடப்பக்கத் தோலில், கழி விழும் அடிதான் ஒலியளவுக் கோட்டைச் சிவப்புக்குத் தள்ளும். வலந்தலை எனும் வலப்பக்கத்தைப் பார்த்து வைத்தால் கூடு போட்ட விரல்களின் சொற்கட்டும் தெளிவாக விழும்.

தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஹெட்ஃபோனில் தீர்ப்புச் சொல்லவே முடியாது. எவ்வளவு இறுக்கமாகக் காதை மூடினாலும் நேரடிச் சத்தம் உள்ளே வந்துவிடும். நீளமான மைக் கம்பி வாங்கிக்கொண்டு திண்ணைக்கோ அடுத்த அறைக்கோ போய்விடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் அரை நிமிடம் பதிவு செய்து, வாசிப்பு நின்ற பிறகு ஓடவிட்டுக் கேளுங்கள்.

இடத்தைக் கேட்பது

இனி யாரையும் பேச விடாமல், கண்ணை மூடி, ஒரு நிமிடம் அந்த வீட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். நம் மனம் வடிகட்டி வைத்திருந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும்: ட்யூப்லைட் சோக்கின் ரீங்காரம், பக்கத்துத் தோட்டத்து மோட்டார், சுவர்க்கடிகாரம், பாட்டியின் வளையல்.

அடித்தொண்டையில் ‘ம்ம்ம்’ என்று விடாமல் ஒன்று கேட்டால் அது பெரும்பாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால், முழு சார்ஜோடு வந்து பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள். ஃபிரிட்ஜின் இரைச்சல் என்றால் வீட்டாரிடம் கேட்டு அதை அணையுங்கள். அணைத்த கையோடு உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியை எடுக்கத் திறப்பீர்கள், மறுபடி போடவும் மறக்க மாட்டீர்கள்.

மின்விசிறிதான் மதுரையில் தீராத வழக்கு. சித்திரை வெயிலில் வயதானவர்களை விசிறி இல்லாமல் உட்கார வைப்பது முறையல்ல. பாட்டு ஓடும்போது மட்டும் அணைத்து, இடையிடையே போடுங்கள். இல்லையென்றால் காலை 6 மணிக்கே போய்விடுங்கள். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரும், மார்கழியில் விடியற்காலைப் பாட்டும் உண்டு என்பதால், தேதி குறிக்கும் முன் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். சேவல் கூவுவதும் ஆடு கத்துவதும் இருக்கட்டும். உசிலம்பட்டிப் பக்கத்துத் தாலாட்டில் அந்த ஊரின் காலை கொஞ்சம் கேட்டால் என்ன குறை?

வெயில் கருவியையும் பதம் பார்க்கும். ஐபேடுக்கு 35 டிகிரி செல்சியஸ் வரைதான் உகந்த சூழல் என்று ஆப்பிளே சொல்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் நம் ஊர் நிழலே அதைத் தாண்டும். உறையைக் கழற்றி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, காற்று படும் இடத்தில் வையுங்கள். வெப்ப எச்சரிக்கை வந்துவிட்டால் ஆறும் வரை அது எதற்கும் ஒத்துழைக்காது.

பதிவு ஓடும்போது

அரை நிமிடம் சோதனைப் பதிவு செய்து, நிறுத்தி, கோப்பை ஓடவிட்டுக் கேளுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு பதிவைத் தொடங்கி, நாள், ஊர், பாடுபவர் பெயர் ஆகியவற்றை நீங்களே சொல்லுங்கள்.

ஹெட்ஃபோன் மாட்டிய ஆள் அந்நியராகத் தெரிவார். அதனால் தொடங்கும் முன்பே அதைப் பாட்டியின் காதில் வைத்து, அவர் பேசுவதை அவரே கேட்கச் செய்யுங்கள். கூச்சம் பாதி போய்விடும். பாடும்போது எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, தலையை அசைத்துக் கேளுங்கள். ‘உம்’ கொட்ட வேண்டாம், அதுவும் பதிவாகும். திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால் பாட்டு பாதியில் வாடிவிடும். காது வேலை செய்யும்போது கண்ணுக்கு அங்கே வேலையில்லை.

கம்பி உரசல், காற்று மைக்கில் மோதும் ‘புஸ்’, வெடிப்பு ஆகிய மூன்றில் எது கேட்டாலும் பாட்டின் அடி முடியும் வரை பொறுங்கள். முடிந்ததும் ‘அந்தக் கடைசி அடியை இன்னொரு தடவை பாடுங்கள் அப்பத்தா’ என்று அப்போதே கேட்டுவிடுங்கள். லாரி சத்தம் போன்ற வெளிச்சத்தத்துக்காக ஒப்பாரியை நடுவில் நிறுத்தாதீர்கள். அது அவருடைய துக்கத்தில் குறுக்கிடுவதாகும்.

மைக் வழியே கேட்கும்போது அடுப்படியில் இருவர் தாழ்குரலில் பேசுவதும் தெளிவாகக் காதில் விழும். குடும்ப விஷயமாக இருக்கலாம். பதிவு ஓடுகிறது என்று அவர்களிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அப்படிப் பதிவான பகுதியை வெட்டிவிட்டுத்தான் யாருக்கும் கொடுக்க வேண்டும்.

பாடி முடித்த பிறகு

பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்தாமல், எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லி அரை நிமிடம் அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். பின்னர் வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப அதுதான் உதவும். நிறுத்திய பிறகு தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் கேளுங்கள். அந்த வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேளுங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பதிவு ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி அளவு இடம் பிடிக்கும். மோனோ என்றால் அதில் பாதி. தனிக் குரலுக்கு மோனோவே போதும். கோப்பைச் சுருக்கப்படாத வேவ் (WAV) வடிவிலேயே வையுங்கள். பெயரில் ஊரும் தேதியும் பாட்டின் முதல் சொல்லும் இருக்கட்டும். அன்று இரவே இன்னொரு இடத்தில் ஒரு நகல் எடுத்து, அதைத் திறந்து சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பாடியவர் வீட்டுக்கும் ஒரு பிரதியைப் பென்டிரைவிலோ பேரப்பிள்ளைகளின் கைபேசியிலோ போட்டுக் கொடுத்துவிடுங்கள்.